எந்த வீடு பொண்ணு வீடு

அயர்லாந்து போய் வந்ததை எழுதச் சொல்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற ஜீப் டிரைவர் விமானம் ஏறி அவ்வளவு தூரம் போய் வந்தால் கேட்கத்தான் செய்வார்கள். அங்கே நான் பார்த்தது கொஞ்சம். மழை சாய்வாகவே பெய்தது. மூன்று வேளையும் ஏதாவது ஒரு ரூபத்தில் உருளைக்கிழங்கு வந்தது. பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். நான் கம்பத்திலிருந்து மலைக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் பெண்களை ஏற்றிப் போகிறவன். என் ஜீப்பை விட்டு இறங்கும்போது அவர்கள் என்னிடம் சொல்வதை எழுத முடியாது.

போனது என் அக்கா மகள் மலர்விழியின் கல்யாணத்துக்கு. மலர் அங்கே நர்ஸ். அவள் கட்டிக்கொண்டது ஜெசிந்தாவை. ஜெசியும் நர்ஸ்தான், நம் ராயப்பன்பட்டிப் பிள்ளை. பெண்ணும் பெண்ணும் கட்டிக்கொள்ள அந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. ஜனங்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டு வந்த சட்டம் என்று மலர் சொன்னாள். ஒரு ஆபீசில், கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருவர் பெயரையும் வாசித்து, சம்மதமா என்று கேட்டது. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒன்று அவர்களோடு வேலை பார்க்கிற மலையாளத்துப் பெண். இன்னொன்று நான். தமிழில்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, படம் வரைந்த மாதிரி இருக்கிறது என்று சொன்னதாம். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு வீட்டிலிருந்தும் வேறு யாரும் வரவில்லை.

அந்த நாட்டில் எனக்குக் குளிருக்கு மட்டும்தான் பயம். நிஜமான பயம் அதற்கப்புறம்தான். போன மாசம் அவர்கள் இரண்டு பேரும் லீவில் வந்தார்கள். தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவில், தினமும் நான் வண்டி ஓட்டுகிற ரோட்டில், அந்தச் சில நாட்கள் நான் பட்ட பாட்டைத்தான் எழுதப் போகிறேன்.

கல்யாணம் முடித்த ஜோடியை உறவுக்காரர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து இலை போட்டு, வேட்டி சேலை கொடுத்து அனுப்புவது நம் பக்கத்து வழக்கம். அது நடந்தால்தான் ஊர் அவர்களைக் குடும்பம் என்று எண்ணும். நம் நாட்டில் இந்தக் கல்யாணத்துக்குச் சட்டம் இல்லை. சட்டம் போடுவது எங்கள் வேலை இல்லை என்று பெரிய கோர்ட்டு சொல்லிவிட்டதாக டீக்கடையில் பேப்பர் படிப்பவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். சட்டம் தராததை ஒரு வாழையிலையாவது தரட்டும் என்று மலர் நினைத்திருப்பாள்.

வருவதற்கு முன்பே போனில் சொன்னாள். "ஒரே ஒரு வேளை மாமா. ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு. நீங்க போடுவீங்கன்னு தெரியும், அதக் கேக்கல. எங்கம்மா வீடு, இல்ல ஜெசி அப்பா வீடு. ஏதாவது ஒரு வாசல்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மதுரையில் அவர்களுக்கு விமானம். அதற்குள் ஒரு வாசலைத் திறக்க வேண்டும். இந்த வேலைக்கு உலகத்திலேயே பொருத்தமில்லாத ஆள் நான். கண்டக்டரிடம் பாக்கிச் சில்லறை கேட்கக்கூட எனக்கு நாக்கு எழாது.

புதன்கிழமை தேனிக்குப் போனேன். இரண்டு பேரும் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் இருந்தார்கள். சொந்த ஊர் இருந்தும் லாட்ஜ். அங்கே வரவேற்பில் இருந்தவர் என்ன உறவு என்று கேட்டிருக்கிறார். குடும்பம் என்று மலர் சொல்லியிருக்கிறாள். அக்கா தங்கச்சி என்று அவராகவே எழுதிக்கொண்டாராம். அதைச் சொல்லி ஜெசி சிரித்தாள். மலர் சிரிக்கவில்லை.

அல்லிநகரத்தில் ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டோம். கடைக்காரர் இருவரையும் தங்கச்சி, தங்கச்சி என்று கூப்பிட்டு சால்னாவை ஊற்றிக்கொண்டே இருந்தார். இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு பெண்கள் ஒன்றாகத் திரிவதை யாரும் ஒரு சொல் சொல்வதில்லை. ஒரே கட்டிலில் படுத்தாலும் சிநேகிதிகள்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் எந்த வீட்டிலும் நுழையலாம், எந்த அடுப்படியிலும் சாப்பிடலாம். அந்த வார்த்தையைத்தான் மலர் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

அவர்களை லாட்ஜில் விட்டுவிட்டு, எங்கள் வீட்டு விருந்துக்குத் துணி எடுக்கப் போனேன். இரண்டு சேலை வேண்டும். கடையில் கூட்டம். விற்கிற பையன் என்ன விசேஷம் என்றான். கல்யாண விருந்து என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவன் கை அதற்குள் ஒரு சேலையை எடுத்து அதன் மேல் ஒரு வேட்டியை வைத்துவிட்டது. இல்லை தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற அம்மாக்கள் என்னையே பார்த்த மாதிரி இருந்தது. "மாப்பிள்ளை உயரமாண்ணே?" என்று கேட்டான். கொஞ்சம் உயரம்தான் என்றேன். ஜெசி உயரம்தான். எட்டு முழம் போட்டுக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டான்.

வியாழக்கிழமை கடமலைக்குண்டு. அக்கா பாக்கியம் அங்கேதான் இருக்கிறாள். மச்சான் இறந்த பிறகு தனி ஆளாக முருங்கைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, மலரைப் படிக்க வைத்தவள். முந்தின நாள் போனில் கொஞ்சம் இறங்கி வந்திருந்தாள். சிநேகிதி என்று சொல்லிக் கூட்டி வா, கோழி அடிக்கிறேன், ஊருக்கு அதற்கு மேல் தெரிய வேண்டாம் என்றாள். ஜீப்பில் மலரிடம் அப்படியே சொன்னேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒருவேளை ஒத்துக்கொள்வாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

கண்டமனூர் தாண்டி ஊர் நெருங்கும்போது ரேடியேட்டர் கொதித்துவிட்டது. மலை ஏறி இறங்குகிற வண்டி சமதரையில் மக்கர் பண்ணும். ரோட்டோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பொம்பளை குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என் வயசு இருக்கும். நான் மூடியைத் திறந்துகொண்டிருக்கும்போது அவள் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"கல்யாணம் ஆயிருச்சாத்தா?"

ஆயிருச்சு என்றாள் மலர்.

"மாப்பிள்ளை வரலையாக்கும்?"

நான் ரேடியேட்டருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. சொல்லாதே ஆத்தா, இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று மனசுக்குள் சொன்னேன்.

"வந்திருக்கு. இவதான்" என்றாள் மலர்.

அந்தப் பொம்பளை ஜெசியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். விளையாடாதே என்றாள். விளையாடவில்லை, நாங்கள் இருக்கிற நாட்டில் அதற்குச் சட்டம் இருக்கிறது என்று மலர் பொறுமையாகச் சொன்னாள். ஆடுகள் ரோட்டுக்கு வந்துவிட்டன. அவள் விரட்டவில்லை.

"அப்ப சோறாக்குறது யாரு?"

"யாருக்கு ட்யூட்டி இல்லையோ அவ."

"இந்தச் சட்டத்த மொதல்ல எம்புருசனுக்குப் போடணும்" என்று சொல்லி அவளே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டாள். மலர் அக்கா பெயரைச் சொன்னாள். சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா தெருவுக்கு அடுத்த தெருவாம் அவள். குடத்தை வாங்கிக்கொண்டு நாலு எட்டு நடந்து, இடுப்பிலிருந்த பையில் கைவிட்டு போனை எடுத்தாள்.

நாங்கள் போய்ச் சேருவதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது. அக்கா வாசல் கேட்டுக்கு உள்ளே நின்றாள். கை தாழ்ப்பாளில் இருந்தது. எதிர்வீட்டில் மூன்று பேர் வெளியே வந்து நின்றார்கள். வண்டியைப் புளியமரத்தடியிலேயே நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். நான் மட்டும் இறங்கிப் போனேன்.

"பாக்கியம் வீட்டுக்கு மாப்பிள்ளையா ஒரு பொம்பள வாறாளாம்னு ரேசன் கடை வரைக்கும் பேசியாச்சு. சிநேகிதின்னு ஒரு சொல்லு சொன்னா ஒம்மருமக நாக்கு தேஞ்சா போகும்?"

ஜோடியாகவே கூப்பிட்டால்தான் என்னக்கா என்று கேட்டேன். பாதிதான் சத்தமாக வந்தது.

"ஏலே, எந்த முறையில கூப்பிடச் சொல்ற? நாம பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா? பொண்ணு வீடுன்னா மொதல்ல மாப்பிள்ளை வீட்டுல உள்ள கூப்பிட்டுச் சோறு போடணும். அதுக்கப்பறந்தான் நான் மறுவீட்டுக்குக் கூப்பிடணும். மாப்பிள்ளை வீடுன்னா அந்த வாத்தியாரு தட்டு தூக்கிட்டு எவ்வாசலுக்கு வரணும். அவரு எதுக்கும் அசையல. நான் மட்டும் எதுக்கு முந்திக்கிட்டு ஊர் வாயில விழணும்?"

வாத்தியார் என்றது ஜெசியின் அப்பாவை. ராயப்பன்பட்டியில் ரிட்டயர் ஆன சவரிமுத்து வாத்தியார். மகளிடம் அவர் சொல்லியிருந்தது ஒன்றுதான். தனியாக வந்தால் கதவு திறந்திருக்கும். இரண்டு பேராக வந்தால் பூட்டியிருக்கும்.

நான் ஜீப்புக்குத் திரும்பி நடந்தேன். அக்கா தம்பி என்று கூப்பிட்டாள். உள்ளே போய் ஒரு தூக்குவாளியைக் கொண்டுவந்து கேட்டுக்கு மேலே நீட்டினாள். சூடாக இருந்தது. கோழி அடித்துத்தான் வைத்திருக்கிறாள்.

ஊரைத் தாண்டி ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஜீப்புக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆற்றில் மணல்தான் ஓடியது. குழம்பு நன்றாக இருக்கிறது, உப்புதான் கம்மி என்றாள் ஜெசி.

"எங்கம்மா உப்பக் கொறச்சுத்தான் போடும்" என்றாள் மலர். "இலையில ஓரத்துல தனியா வைக்கும். உக்காந்து சாப்பிடுறவுகளுக்கு."

தூக்குவாளியைக் கழுவ அங்கே தண்ணீர்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை என் வீட்டில் விருந்து. என் வீட்டுக்காரி ஈஸ்வரிக்கு எங்கள் சாமிக்கும் கிறிஸ்தவப் பிள்ளை ஜெசியின் சாமிக்கும் வெள்ளிக்கிழமை கறி ஆகாது என்பதில் ஒரு நிம்மதி. பருப்பு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, பால் பாயசம். ஈஸ்வரி எனக்கு நேர் எதிர். பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்து யாரு விருந்தாளி என்று கேட்டபோது, எங்கள் மருமகளும் அவள் கட்டிக்கிட்ட பிள்ளையும், நீ சாப்பிடுகிறாயா என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மா பாயசம் மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். போன வேகத்தைப் பார்த்தால் பாயசம் சிந்தியிருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் ஈஸ்வரி துணிப் பொட்டலத்தைப் பிரித்தாள். வேட்டி வெளியே வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கடையில் நடந்ததைச் சொன்னேன். மாப்பிள்ளை உயரம் கேட்ட இடத்தில் ஜெசி குலுங்கிச் சிரித்து, வேட்டியைத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். மலரும் அந்த மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். ஈஸ்வரி தன் பெட்டியிலிருந்து கட்டாத சேலை ஒன்றை எடுத்து ஜெசியிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது வீணாப் போகாது. நாளைக்குத் தட்டுல வெத்தலை பாக்கு பழத்தோட வச்சு ராயப்பன்பட்டிக்குக் கொண்டு போங்க. சம்பந்திக்கு வேட்டி. தட்டோட வந்த ஆள எந்த வீட்டுலயும் வாசல்ல நிறுத்த மாட்டாக."

நீயும் வா என்றேன்.

"நான் வந்தா நாந்தான் பேசுவேன். தாய்மாமன் பேசுனாத்தான் அது பேச்சு. சம்பந்தின்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான. போய்ச் சொல்லிட்டு வாங்க."

ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

சனிக்கிழமை உத்தமபாளையம் வழியாகப் போனோம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். வழியில் பன்னீர் திராட்சை வாங்கித் தட்டில் சேர்த்துக்கொண்டேன். ஜெசி துப்பட்டாவைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டாள். அவள் இந்த ஊருக்கு வந்து வருஷக்கணக்காகிறது. வேதக்கோயிலுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் ஜீப்பை நிறுத்தினேன். நிழல் பாதி வண்டிக்குத்தான் இருந்தது. சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்து, வாத்தியார் மகளா, எப்ப வந்த என்று கேட்டார். இப்பத்தான் மாமா என்றாள். வீட்டுக்குப் போகாமல் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்றார். அவர் போன பிறகு அவள் மலரின் கையைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். நான் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

தட்டோடு தனியாக ஒரு ஆம்பளை தெருவில் நடந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். பார்த்தார்கள். சவரிமுத்து வாத்தியார் முன்னறையில் உட்கார்ந்து மின்விசிறிக்குக் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. யாரென்று கேட்டார். மலர்விழிக்குத் தாய்மாமன் என்றேன். பேப்பரை மடித்தார். தட்டைப் பார்த்தார். எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். உள்ளே வாங்க என்றார். ஈஸ்வரி சொன்னது அது வரைக்கும் சரி.

நாற்காலியில் உட்கார்ந்தேன். தட்டை யாரும் வாங்கவில்லை. முழங்கால் மேல் வைத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

"என்ன முறையில வந்திருக்கீங்க?" என்றார் வாத்தியார்.

பிள்ளைகள் சிநேகிதம், அதனால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்று சொன்னால் போதும். காபி வரும். நான் எழுந்து வந்துவிடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வெற்றிலை என் வேர்வைக் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சம்பந்தி முறையில சார்."

அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது.

அது அந்த நாட்டுச் சட்டம், இங்கே செல்லாது என்றார். ஆமாம் சார் என்றேன். எங்கள் வேதத்திலும் அதற்கு இடமில்லை என்றார். அதற்கும் ஆமாம் சார் என்றேன். அவர் பாடம் நடத்துகிற மாதிரியும், நான் பெஞ்சுமேல் நிற்கிற மாதிரியும் இருந்தது. பிறகு குரல் இறங்கிவிட்டது. என்னிடம் பேசவில்லை, மின்விசிறியிடம் பேசினார்.

"அந்த நாட்டுல முக்காவாசிப் பேரு எங்க வேதக்காரவுக. அவுக எப்படி அதுக்கு ஓட்டுப் போட்டாகன்னுதான் எனக்கு விளங்கல. எத்தனையோ நாளா யோசிக்கிறேன்."

நானும் யோசித்தேன். எனக்கும் தெரியவில்லை.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார். "சரி, சம்பந்தின்னே வச்சுக்குவோம். நீங்க எந்த வீடு? பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

அக்கா கேட்ட அதே கேள்வி. பதில் தெரியாத பையனிடம் கேட்கிற மாதிரி கேட்டார். எனக்கு அந்த ஆபீசும் கண்ணாடி போட்ட அம்மாவும் ஞாபகம் வந்தது.

"அங்கன அத யாரும் கேக்கல சார். பேர மட்டுந்தான் கேட்டாக."

"இங்க கேப்பாக."

"கேப்பாக" என்றேன். அதற்கப்புறம் நான் சொன்னது ராத்திரி முழுவதும் யோசித்தபோது வரவில்லை. அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் வந்தது. "நாங்க பொண்ணு வீடு சார். பொண்ணு வீட்டுக்காரன்தான் மொதல்ல வாசலுக்கு வரணும், வந்துட்டேன். எங்க பிள்ளை உங்க வீட்டுக்கு வந்த மருமக. கூப்பிடுறதும் கூப்பிடாததும் மாப்பிள்ளை வீட்டுக்காரவுக இஷ்டம். ஆனா வந்த மருமகள வெயில்ல நிறுத்தித் திருப்பி அனுப்புனாகன்னு இந்தப் பக்கத்துல ஒரு வீட்டப் பத்தி நான் கேட்டதில்ல."

என் ஆயுசில் நான் ஒரே மூச்சில் பேசியது அவ்வளவுதான். பேசி முடித்ததும் தட்டு சாய்ந்துவிட்டது. தட்டிலிருந்து ஒரு திராட்சை உருண்டு தரையில் போனது. அதை எடுக்கவும் பயமாக இருந்தது.

வாத்தியாரின் வீட்டம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். ஆரோக்கியமேரி என்று பெயர். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, புள்ளைக எங்கன என்று கேட்டார்கள். கோயில் பக்கத்தில் ஜீப்பில் என்றேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தார்கள்.

"கோயில்ல கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன்" என்றார் வாத்தியார். "ஊர்ல கேட்டாலும் சொல்ல மாட்டேன். கல்யாணம்னு எவ்வாயால எவுக முன்னாடியும் வராது. அத எதிர்பாக்காதீக."

சொல்லிவிட்டு எழுந்து, குனிந்து, என் முழங்கால் மேலிருந்த தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கீழே கிடந்த திராட்சையையும் எடுத்துத் தட்டில் வைத்தார்.

நான் போய் அவர்களைக் கூட்டி வந்தேன். வாசலில் அந்த அம்மா ஜெசியின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டார்கள். அடுத்து மலர் நின்றாள். கை அந்தரத்தில் நின்றது. மலர் தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் வாத்தியார் தொண்டையைச் செருமினார். எதற்குச் செருமினார் என்று தெரியவில்லை. அந்த அம்மா மலர் நெற்றியிலும் போட்டார்கள்.

வீட்டில் அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. அதைச் சொல்லிச் சொல்லி அந்த அம்மா வருத்தப்பட்டார்கள். பாயை வாத்தியார்தான் விரித்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர் மலரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மகளிடமும் பேசவில்லை. டம்ளர் காலியாகக் காலியாகத் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தார். கடைசியில், போதுமா என்று பொதுவாகக் கேட்டார். போதும் மாமா என்று மலர் சொன்னாள். அவர் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

புறப்படும்போது அந்த அம்மா தட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். தட்டை வெறுமனே திருப்பக் கூடாது என்று ஒரு புதுச் சேலையும் வாழைப்பழமும் வைத்திருந்தார்கள். "அவுக அம்மாவுக்கு" என்றார்கள். வேட்டி உள்ளே இருந்துவிட்டது.

ஜீப் கிளம்பியதும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பாராட்டுவாள் என்று பார்த்தால், மலருக்குக் கோபம்.

"யாரக் கேட்டு மாமா என்னையப் பொண்ணாக்குனீங்க? நாங்க யாரும் மாப்பிள்ளை இல்ல."

"அப்ப அந்த வேட்டி எனக்குத்தான் வந்திருக்கணும்" என்றாள் ஜெசி. சிரித்துக்கொண்டே துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் அதை எடுக்கவில்லை. மலர் என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

உத்தமபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தி, அங்கிருந்து அக்காவுக்கு போன் போட்டேன். நாம் பொண்ணு வீடு என்று சொல்லிவிட்டேன் என்றேன்.

"யாரக் கேட்டுச் சொன்ன?" என்று அக்காவும் கத்தினாள். தாயும் மகளும் ஒன்றுபோலத்தான். நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். கொஞ்சம் ஓய்ந்ததும் கேட்டாள். உள்ளே கூப்பிட்டார்களா? கூப்பிட்டார்கள் என்றேன். எப்படிக் கூப்பிட்டார்கள்? நெற்றியில் சிலுவை போட்டார்கள் என்றேன். சோறு? கருவாட்டுக் குழம்பு. தட்டை வெறுமனேயா திருப்பினார்கள்? உனக்குச் சேலை வைத்திருக்கிறார்கள் என்றேன்.

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"பிளேனு எத்தனை மணிக்கு?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளை ஏற்றிக்கொண்டு காலையிலேயே கடமலைக்குண்டுக்கு வண்டியைத் திருப்பினேன். ரேடியேட்டருக்கு இரண்டு கேன் தண்ணீர் வைத்திருந்தேன். வழியில் ஆட்டுக்காரியைக் காணவில்லை. அவள் அக்கா வீட்டு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளோடு பாதித் தெரு நின்றது. அக்கா கேட்டை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு வாசலில் நின்றாள். தெருவைப் பார்க்கவில்லை. தட்டை ஜெசி கையில் கொடுத்திருந்தேன். அக்கா அதை வாங்கி, சேலையின் மடிப்பைத் தூக்கிக் கரையைப் பார்த்தாள். "நல்ல நெறமாத்தான் எடுத்திருக்காக" என்று எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

உள்ளே ஜமுக்காளம் விரித்து இரண்டு இலை போட்டிருந்தது. ஒன்றின் ஓரம் இன்னொன்றின் மேல் ஏறியிருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். தண்ணீர் தெளித்தார்கள். மதுரைக்குப் போகிற நேரத்தை நினைத்து நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றேன். அக்கா உப்புக் கிண்ணத்தோடு வந்தாள். மகளின் இலையில் ஓரமாக வைத்தாள். ஜெசியின் இலைக்கு வந்து, குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"நீ உப்பு கூடவா கொறச்சலா?"

"கூட, அத்தை" என்றாள் ஜெசி.

அக்கா வைத்தாள். பார்த்தாள். இன்னும் கொஞ்சம் வைத்தாள்.